சுழல் கதவுக்குப் பின்னால்: மாண்டிசெல்லோவில் ஏடும் வாய்மொழியும்

1

தலைவர்களின் வீடுகளைப் பார்க்கப் போவதில் எனக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. நினைவு இல்லம் என்றால் என்ன இருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்குக்கண்ணாடி, கைத்தடி, பேனா. சுவரில் பிற தலைவர்களோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்கள். வாசலில் வருகைப் பதிவேடு. அந்த வீட்டில் யார் சமைத்தார்கள், யார் தண்ணீர் இறைத்தார்கள், கக்கூஸ் எங்கே இருந்தது, அதை யார் சுத்தம் செய்தார்கள் என்று ஒரு பலகையும் சொல்லாது. பார்த்து முடித்து வெளியே வந்தால் டீ குடிக்கத்தான் தோன்றும்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் வீட்டுக்குப் போனதும் இதே மனநிலையில்தான். உடன் வந்த நண்பர் அங்கேயே வேலை பார்ப்பவர். "வாங்க தோழர், ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருவோம். அஞ்சு சென்ட் காசுல ஒரு பக்கம் அந்தாளு தலை, மறுபக்கம் வீடு போட்டிருக்கான் பாருங்க, அந்த வீடுதான்" என்றார். உண்மைதான். இடையில் ஓரிரு வருஷம் தவிர 1938 முதல் அந்த நாணயத்தின் பின்பக்கத்தில் இருப்பது மாண்டிசெல்லோ. தினமும் கோடிக் கணக்கானவர்கள் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிற வீடு அது.

வர்ஜீனியா மாநிலம், சார்லட்ஸ்வில் நகரத்தை ஒட்டிய ஒரு சிறிய மலை. அப்பா பீட்டர் ஜெஃபர்சனிடமிருந்து வந்த நிலம். 1769ல் கட்ட ஆரம்பித்து, இடித்து, மறுபடி கட்டி, 1809 வரை ஜெஃபர்சன் இந்த வீட்டோடு மல்லுக்கட்டியிருக்கிறார். படம் வரைந்தது அவரே. 1776ல் எழுதிய சுதந்திரப் பிரகடனத்தில் எல்லா மனிதர்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அறிவித்தவரும் அவரே. தன் வாழ்நாளில் 607 மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவரும் அவரே. இந்த மூன்றும் ஒரே ஆள் என்பது இப்போது யாருக்கும் புதிய செய்தி இல்லை. அங்கே வழிகாட்டியே முதல் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுகிறார். முரண்பாடு என்று ஒரு வார்த்தை போட்டு அதைத் தாண்டிப் போய்விடலாம். நானும் அப்படித்தான் தாண்டிப் போக இருந்தேன். சாப்பாட்டு அறையில் ஒரு கதவு என்னை நிறுத்தியது.

2

சாதாரணக் கதவுதான். நடுவில் அச்சு வைத்துச் சுழலும்படி செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வழவழப்பான கதவு, மறுபக்கம் தட்டு அடுக்கும் பலகைகள். வெளியே நடைபாதையில் நிற்பவர்கள் உணவை அந்தப் பலகைகளில் வைத்துச் சுழற்றினால் உணவு உள்ளே வந்துவிடும். கொண்டுவந்த ஆள் வரவேண்டியதில்லை. கணப்படுப்பின் இரண்டு பக்கமும் மரப்பெட்டிகள் உண்டு. கயிறு கட்டிய சிறு தூக்கிகள். கீழே ஒயின் இருக்கும் நிலவறையில் ஒருவர் புட்டியை வைத்தால் மேலே விருந்தாளியின் கைக்கு வந்துவிடும். சமையலறை வீட்டின் தெற்குச் சிறகில், நடைமேடைக்கு அடியில். அங்கிருந்து நிலவறை வழியாக ஒரு நடைபாதை. மாடிப்படிகள் சுமார் இரண்டடி அகலம். பெரிய படிக்கட்டு என்று ஒன்று கிடையாது. மலை உச்சியில் நின்று பார்த்தால் அழகான கூடமும் புல்வெளியும் தூரத்து நீல மலைகளும் மட்டும் தெரியும். வேலை செய்யும் இடங்கள் எல்லாம் காலுக்குக் கீழே.

இவற்றை ஜெஃபர்சனின் விஞ்ஞான மனத்துக்குச் சான்றாகச் சொல்வது நெடுநாள் வழக்கம். விருந்தாளிகள் அரசியல் பேசும்போது அடிமைகளின் காதில் விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்றும் விளக்கம் உண்டு. இருக்கட்டும். நான் பார்த்தது வேறு. உழைப்பின் விளைவு உள்ளே வரவேண்டும், உழைத்த உடம்பு வெளியே நிற்கவேண்டும் என்ற ஒரு முழுச் சிந்தனையை மரத்திலும் செங்கல்லிலும் இழைத்து வைத்திருக்கிறார்கள். 'சுதந்திரம்' என்ற சொல்லாடல் அந்த மேசையில் தடையில்லாமல் நடப்பதற்கு அந்தக் கதவு தேவைப்பட்டிருக்கிறது.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவருக்குப் பெயர் உண்டு. 1809 முதல் ஜெஃபர்சன் சாகும்வரை தலைமைச் சமையல்காரி ஈடித் ஃபாசெட். அவர் ஜனாதிபதியாக இருந்த காலத்தில் வாஷிங்டன் மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பிரெஞ்சுச் சமையல்காரர் ஒருவரிடம் தொழில் கற்றவர். அவருடைய கணவர் ஜோசஃப் ஃபாசெட், பண்ணையின் கொல்லர். 1826 ஜூலை 4ஆம் தேதி ஜெஃபர்சன் இறந்தபோது ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை எழுதியிருந்தார், அதில் ஜோசஃப் ஒருவர். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. 1827 ஜனவரியில் 130 மனிதர்கள் அந்த மலையிலேயே ஏலம் விடப்பட்டார்கள், மேசை நாற்காலிகளோடும் மாடுகளோடும். ஈடித்தும் பிள்ளைகளும் அதில் விற்கப்பட்டார்கள். விடுதலை எழுதப்பட்ட புருஷன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பத்து வருஷம் பாடுபட்டு மனைவியையும் சில பிள்ளைகளையும் திரும்ப வாங்கி, 1837ல் சட்டப்படி அவர்களுடைய 'உடைமையாளராக' நின்று அவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஏலம் போனபோது மகன் பீட்டருக்கு 11 வயது. அவனை வாங்கியவர் திரும்ப விற்க மறுத்துவிட்டார். பல வருஷம் கழித்து விடுதலை பெற்று, சின்சினாட்டியில் பாதிரியாராகி, 1898ல் ஒரு நியூயார்க் பத்திரிகைக்குத் தன் நினைவுகளைச் சொன்னார்.

முன்கூடத்தில் ஒரு பெரிய கடிகாரம். பீரங்கிக் குண்டுகளை எடையாகக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். குண்டு எந்தக் கிழமையின் அடையாளத்துக்கு நேரே தொங்குகிறதோ அதுதான் அன்றைய கிழமை. கயிறு நீளம் போதாமல் தரையில் ஓட்டை போட்டு நிலவறைக்குள் இறக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை நிலவறைக்குள்தான் வரும். உள்ளே இருக்கும் முகத்தில் மணி, நிமிஷம், விநாடி எல்லாம் உண்டு. வெளிச்சுவரில் இருக்கும் முகத்தில் மணி முள் மட்டும்தான். "வெளிய நிக்கிறவனுக்கு நிமிஷம் எதுக்குன்னு விட்டுட்டான் போல" என்றார் நண்பர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

ஜெஃபர்சன் எழுதாத நாள் கிடையாது. அவர் எழுதிய கடிதங்கள் மட்டும் சுமார் 19,000. எழுதும்போதே இன்னொரு பேனா பிரதி எடுக்கும் இயந்திரம் ஒன்று அவருடைய மேசையில் இருக்கிறது. தினசரி வரவு செலவு, தட்பவெப்பம், தோட்டத்தில் எந்தச் செடி எப்போது பூத்தது, எல்லாவற்றுக்கும் ஏடு உண்டு. பண்ணை ஏடு என்று தனியாக ஒன்று. யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள், யாருக்கு எத்தனை போர்வை, எவ்வளவு மீன் என்று அதில் வரிசை வரிசையாகப் பெயர்கள்.

1794ல் மல்பெரி வரிசை என்ற தெருவில் ஆணிப்பட்டறை ஆரம்பித்தார். வேலை செய்தவர்கள் 10 வயதிலிருந்து 16 வயது வரையிலான பையன்கள். ஒவ்வொரு பையனுக்கும் எவ்வளவு இரும்பு கொடுக்கப்பட்டது, எவ்வளவு ஆணி வந்தது, எவ்வளவு வீணாயிற்று என்று அவரே எடை போட்டு எழுதியிருக்கிறார். 1792ல் ஜார்ஜ் வாஷிங்டனுக்காக ஒரு பண்ணை லாபக் கணக்குப் போடும்போது, அடிமைகள் பிறப்பால் பெருகுவதை வருஷத்துக்கு 4 சதவீதம் என்று வரவில் சேர்க்கிறார். 1820ல் மருமகனுக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு வருஷத்துக்கு ஒரு பிள்ளை பெறும் பெண் பண்ணையின் மிகச் சிறந்த ஆண் வேலையாளைக் காட்டிலும் லாபகரமானவள் என்று கணக்குச் சொல்கிறார்.

1662லேயே வர்ஜீனியாவில் ஒரு சட்டம் வந்துவிட்டது. தாய் எந்த நிலையோ பிள்ளையும் அந்த நிலை. தகப்பன் யார் என்று கேட்கவேண்டியதில்லை. ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில் குலம் தகப்பன்வழி; அடிமைக்கு மட்டும் தாய்வழி. எதற்காக இந்தத் தலைகீழ் மாற்றம் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

பண்ணை ஏட்டில் சாலி ஹெமிங்ஸ் என்ற பெண் வருகிறார். 1773 வாக்கில் பிறந்தவர். தாய் எலிசபெத் ஹெமிங்ஸ், தகப்பன் ஜான் வேல்ஸ். அந்த ஜான் வேல்ஸ்தான் ஜெஃபர்சனின் மாமனார். அதாவது ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்குச் சாலி தகப்பன்வழித் தங்கை. மாமனார் செத்ததும் நிலம், கடன், 135 மனிதர்கள் எல்லாம் ஜெஃபர்சன் கைக்கு வந்தன. அந்த 135 பேரில் கைக்குழந்தை சாலியும் ஒன்று. 1782ல் மார்த்தா இறந்தார். 1787ல் ஜெஃபர்சன் பாரிஸில் தூதராக இருக்கும்போது, அவருடைய சின்ன மகளுக்குத் துணையாகக் கப்பலில் அனுப்பப்பட்ட சாலிக்கு 14 வயது. அவருடைய அண்ணன் ஜேம்ஸ் அங்கே ஏற்கெனவே சமையல் கற்றுக்கொண்டிருந்தார்.

1789ல் திரும்பி வந்த பிறகு சாலிக்குப் பிறந்து பிழைத்த நான்கு பிள்ளைகள்: பெவர்லி, ஹாரியட், மேடிசன், ஈஸ்டன். ஏட்டில் பிறந்த தேதிகள் இருக்கின்றன. தகப்பன் பெயர் இல்லை. அத்தனை ஆயிரம் கடிதங்களில், ஆணியின் எடையைக்கூட விடாமல் எழுதிய அந்தக் கை, இந்த ஓரிடத்தில் எழுதவில்லை. 1802ல் ஜனாதிபதியாக இருக்கும்போதே காலண்டர் என்ற பத்திரிகையாளர் விஷயத்தை அச்சில் போட்டார். ஜெஃபர்சன் பகிரங்கமாக ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை.

மௌனம் என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். பிரதியின் மௌனம், வரலாற்றின் மௌனம் என்றெல்லாம். மாண்டிசெல்லோவில் அந்த மௌனத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். எழுதத் தெரியாதவனின் மௌனம் ஒரு வகை. எல்லாவற்றையும் எழுதியவன் ஒன்றை மட்டும் எழுதாமல் விடுவது வேறு வகை. ஆனால் வரலாற்றாசிரியர்கள் நூறு வருஷத்துக்கு மேல் இந்த இரண்டாவது மௌனத்தை, 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்பதற்கான ஆதாரமாகவே வாசித்தார்கள்.

4

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துக்கும் வாய்மொழிக்கும் நடந்த சண்டையில் எழுத்து ஜெயித்தது என்றுதான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஆதிக்கத்திடம் ஆவணம், விளிம்பிடம் வாய்மொழி என்ற வாய்பாடு நமக்குப் பழக்கமானது. ஆனால் இங்கே நடந்தது அது இல்லை.

சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1805ல் பிறந்தவர், தச்சர். உயிலின்படி விடுதலையாகி, தாய் 1835ல் இறந்தபின் ஒஹையோ மாநிலத்துக்குப் போனார். 1870ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவருடைய பெயருக்குப் பக்கத்தில், தாளின் ஓரத்தில், இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 1873ல் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு மேடிசன் தன் கதையைச் சொன்னார். அம்மா பாரிஸில் சுதந்திரமாக இருந்திருக்க முடியும். திரும்ப வர மறுத்தார். பிறக்கும் பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலை என்று ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்த பிறகுதான் வந்தார். தாங்கள் நான்கு பேரும் அவருடைய பிள்ளைகள். பேரக் குழந்தைகளிடம் காட்டிய பிரியத்தை அவர் தங்களிடம் காட்டியதில்லை. அந்த வெள்ளைப் பேரக் குழந்தைகளிடம் கேட்டுக்கேட்டுத்தான் தான் எழுத்துக் கற்றுக்கொண்டது. எல்லாம் நிதானமாக, குறை சொல்லும் தொனி இல்லாமல் சொல்லப்பட்டது. போட்டிப் பத்திரிகை ஒன்று சில நாட்களிலேயே கேலி செய்தது. அதே வருஷம் மாண்டிசெல்லோவில் அடிமையாக இருந்த இன்னொருவரும் மேடிசன் சொல்வது சரிதான் என்று சொன்னார். அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பில் என்ன ஆவணம் இருந்தது? ஒன்றும் இல்லை. அங்கேயும் வாய்மொழிதான். ஜெஃபர்சனின் பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப், வாழ்க்கை வரலாறு எழுதிய ஒருவரிடம் பேச்சுவாக்கில், தகப்பன் தாத்தா இல்லை, தாத்தாவின் சகோதரி மகன் பீட்டர் கார் என்று சொன்னார். அதை அவர் 1868ல் இன்னொரு வரலாற்றாசிரியருக்குக் கடிதமாக எழுதினார். பேத்தி எலன் 1858ல் எழுதிய கடிதத்தில் பீட்டரின் தம்பி சாமுவேல் கார்தான் தகப்பன் என்றார். அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை பிறப்பதற்கு முந்தைய 15 மாதம் ஜெஃபர்சனும் சாலியும் ஒரே இடத்தில் இல்லை என்பதும் அந்தக் குடும்பப் பேச்சில் வந்தது.

ஆக இரண்டு வாய்மொழிகள். ஒன்று, பெற்ற தாயிடமிருந்து மகனுக்கு வந்தது. மற்றது, பேரன் ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவருக்கு எழுத, மூன்றாம் கை வழியாக வந்தது, உள்ளுக்குள்ளேயே முரண்பட்டது. இதில் இரண்டாவதற்கு 'குடும்பச் சாட்சியம்' என்று பெயர், முதலாவதற்கு 'அடிமைகளின் வதந்தி' என்று பெயர். பாடப்புத்தகங்களில் கார் சகோதரர்கள் ஏறினார்கள். ஜெஃபர்சன் வாழ்க்கையை ஆறு பெரிய தொகுதிகளாக 1948 முதல் 1981 வரை எழுதிய டூமாஸ் மலோன், அப்படி நடந்திருக்க அவருடைய குணம் இடம் தராது என்றார். குணம் என்பது எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது?

வர்ஜீனியாவின் பழைய சட்டத்தில், உள்நாட்டுப் போர் முடியும்வரை, வெள்ளையருக்கு எதிரான வழக்கில் கறுப்பர் சாட்சி சொல்ல முடியாது. அந்தச் சட்டம் செத்த பிறகும் வரலாற்றாசிரியர்கள் அதை அடிக்குறிப்புகளில் அமுல்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. சுழல் கதவின் வேலையும் இதுதானே? சமைத்தது உள்ளே வரலாம், சமைத்தவள் வரக்கூடாது. மேடிசன் சொன்ன மற்றத் தகவல்களை, அதாவது அவருடைய தாய்வழிக் கதையையும் உயிலின் விவரங்களையும் தேவைப்பட்டபோது எடுத்துக்கொண்டவர்கள், அவர் தகப்பன் பெயரைச் சொன்ன இடத்தில் மட்டும் கதவைச் சுழற்றிவிட்டார்கள்.

இந்தப் பாரபட்சத்தை வரிக்கு வரி எடுத்துக்காட்டியவர் அனெட் கார்டன்-ரீட் என்ற கறுப்பினப் பெண், சட்டப் பேராசிரியர். 1997ல் வந்த அவருடைய புத்தகம் ஜெஃபர்சன் தகப்பனா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டதில்லை. வரலாற்றாசிரியர்கள் சாட்சிகளை எப்படி நடத்தினார்கள் என்பதையே விசாரணைக்கு எடுத்தது. வழக்கறிஞரின் கண் அதற்குத் தேவைப்பட்டது. அவருக்கு முன்பே 1968ல் விந்த்ரோப் ஜோர்டன், மலோன் தொகுத்த காலவரிசையைக் கொண்டே, சாலிக்குப் பிள்ளை பிறந்த ஒவ்வொரு முறையும் ஒன்பது மாதத்துக்கு முன் ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்திருக்கிறார் என்று காட்டியிருந்தார். அந்த 15 மாதக் கதை அதோடு விழுந்தது. 1974ல் ஃபான் பிராடி மேடிசனை நம்பி வாழ்க்கை வரலாறு எழுதியபோது பெரிய பேராசிரியர்கள் அவரைக் கடித்துக் குதறினார்கள்.

5

1998 நவம்பரில் 'நேச்சர்' இதழில் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. ஜெஃபர்சனுக்கு உயிர் பிழைத்த சட்டபூர்வமான ஆண் பிள்ளை இல்லாததால், அவருடைய பெரியப்பா சித்தப்பா வகையில் வந்த ஆண்வழி வாரிசுகளின் ரத்தம் எடுக்கப்பட்டது. ஈஸ்டன் ஹெமிங்ஸின் ஆண்வழி வாரிசு அதோடு பொருந்தினார். கார் சகோதரர்களின் வழி பொருந்தவில்லை. நூறு வருஷத்துக்கு மேலாகப் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்த 'குடும்பச் சாட்சியம்' ஒரே நாளில் எழுந்து போனது. 2000ல் மாண்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்து, ஜெஃபர்சனே தகப்பனாக இருக்கப் பெரும் சாத்தியம் என்று அறிக்கை தந்தது. மறுப்பவர்கள் 2001ல் தனியாக ஓர் அறிக்கை கொண்டுவந்தார்கள். 2018ல் அறக்கட்டளை இதை முடிந்த விஷயமாக எடுத்துக்கொண்டது.

இங்கே நாம் கைதட்டிவிட்டுப் போய்விடக் கூடாது. இரண்டு காரணங்கள்.

ஒன்று: ஆண்வழி மரபணு ஜெஃபர்சன் குடும்பத்து ஆண் ஒருவர் என்றுதான் சொல்லும், தாமஸ் என்று பெயர் சொல்லாது. பெயர் சொன்னது மேடிசன்தான். அவருடைய வாய்மொழியும், காலவரிசையும், அந்த ஒரு தாயின் பிள்ளைகள் மட்டும் எல்லோரும் விடுதலையான உண்மையும் சேர்ந்துதான் முடிவைத் தருகின்றன. விஞ்ஞானம் வந்து உண்மையைச் சொன்னது என்று சொன்னால், வெள்ளைக்கோட்டுக்காரர் சொல்லும்வரை மேடிசன் சொன்னது உண்மையாக இல்லை என்றாகிவிடும். 125 வருஷம் காத்திருந்தது உண்மை இல்லை. அதை ஏற்கும் காதுதான்.

இரண்டு: அதே சோதனையில் இன்னொரு குடும்பத்தின் வாய்மொழி பொருந்தாமல் போயிற்று. தாமஸ் உட்சன் என்பவர் சாலியின் மூத்த மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கறுப்பினக் குடும்பம் அது. ஆகவே விளிம்பிலிருந்து வருகிற வாய்மொழி எல்லாமே உண்மை என்று நாம் கோஷம் போட முடியாது. நமக்குள்ளேயே சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அமைப்புக் கூட்டங்களில் 'மக்கள் நினைவு' என்றால் சோதித்துப் பார்க்காமல் தலையில் தூக்கி வைக்கிறோம். அது மரியாதை மாதிரி தெரியும், உண்மையில் அலட்சியம்தான். எதிரில் இருப்பவரைச் சாட்சியாக மதிக்கிறோம் என்றால் குறுக்குக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். மேடிசனுக்கு மறுக்கப்பட்டது நம்பிக்கை மட்டும் என்றால் பரவாயில்லை, விசாரணையே மறுக்கப்பட்டது. பேரன் சொன்னதையும் அதே தராசில் போட்டு நிறுத்திருந்தால் 1874லேயே விஷயம் தெரிந்திருக்கும். தராசைச் சமமாகப் பிடி என்பதற்கு மேல் மேடிசனுக்காக எந்தச் சலுகையும் கேட்கத் தேவையில்லை.

6

தெற்குச் சிறகில் ஒரு சின்ன அறை. சாலி வாழ்ந்தது இந்த வரிசையில் உள்ள இரண்டு அறைகளில் ஒன்றாக இருக்கவேண்டும் என்று கொள்கிறார்கள். 2018லிருந்து அங்கே அவருக்கான காட்சி. சாலிக்குப் படம் எதுவும் கிடையாது. அதனால் முகமில்லாத உடை தாங்கி ஒன்றை நிறுத்தி, மேடிசன் சொன்னவற்றைச் சுவரில் ஒளியாக ஓடவிடுகிறார்கள். 1941ல் அந்த இடத்தில்தான் சுற்றுலாப் பயணிகளுக்கான கழிப்பறையைக் கட்டினார்கள். பல பத்து வருஷம் அது அப்படியே இருந்தது. ஜெஃபர்சனின் புத்தக அலமாரிகளை ரசித்துவிட்டு வந்த பல லட்சம் பேர் அங்கே சிறுநீர் கழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது, தெரிந்து செய்தது இல்லை. தெரியாமலே செய்ய முடிந்தது என்பதுதான் விஷயம்.

நேர்மையாகச் சொன்னால், இன்று அந்த இடத்தை நடத்துபவர்கள் நிறைய மாற்றியிருக்கிறார்கள். ஜெஃபர்சன் 'வேலையாட்கள்' என்றே எழுதினார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'அடிமைப்படுத்தப்பட்டவர்கள்' என்று வழிகாட்டிகள் பெயர் பெயராகச் சொல்கிறார்கள். 1993ல் ஆரம்பித்து, அங்கே அடிமையாக இருந்தவர்களின் வாரிசுகளைத் தேடிப் போய் அவர்கள் வீட்டுக் கதைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2015ல் மல்பெரி வரிசையில் ஒரு குடிசையைத் திரும்பக் கட்டினார்கள். அந்தக் குடிசைக்குள் நின்றபோது நண்பர் நீண்டநேரம் பேசவில்லை. வெளியே வந்து, "எங்க ஊர்ல பெரிய வீடுகளப் பாத்து வாயப் பொளப்பாங்க தோழர். பின்வாசல் வழியா வந்து போன எங்க பாட்டிக்கு அந்த வீட்டு முன்கூடம் எப்படி இருக்கும்னே தெரியாது" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அங்கே நடந்ததும் இங்கே நடப்பதும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. நிறவெறிக்கும் சாதிக்கும் அதனதன் வரலாறு, அதனதன் சட்டம், அதனதன் கதவு.

ஆனால் ஒரு தொடர்பு உண்மையாகவே இருக்கிறது. ஒஹையோவில் மேடிசன் தன் கதையைச் சொன்ன 1873ஆம் வருஷம்தான், புனேயில் ஜோதிராவ் ஃபூலே 'குலாம்கிரி' புத்தகத்தை வெளியிட்டார். சாதி அடிமைத்தனத்தைப் பற்றிய அந்தப் புத்தகத்தை, கறுப்பர் அடிமைமுறையை ஒழித்த அமெரிக்காவின் நல்ல மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஃபூலே வைத்த நம்பிக்கை அது. அதே சமயத்தில் அந்த நல்ல மக்களின் பத்திரிகை ஒன்று கிழவர் மேடிசனைக் கேலி செய்துகொண்டிருந்தது ஃபூலேவுக்குத் தெரிய வழியில்லை. ஃபூலே ஏமாந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அடிமைமுறையை ஒழிக்க ரத்தம் சிந்தியவர்கள் அங்கே நிஜமாகவே இருந்தார்கள். விலங்கை உடைப்பது ஒரு வேலை, விலங்கு பூட்டப்பட்டிருந்தவனின் வார்த்தையைச் சாட்சியாக ஏற்பது வேறு வேலை. முதலாவது முடிந்தால் இரண்டாவது தானாக முடியும் என்று அங்கே நம்பினார்கள். இங்கேயும் அரசியல் சட்டத்தைக் காட்டி அதைத்தான் சொல்கிறார்கள்.

மலைச்சரிவில் ஜெஃபர்சனின் கல்லறை. சுற்றி இரும்பு வேலி. கல்லில் என்ன பொறிக்கவேண்டும் என்பதையும் அவரே எழுதி வைத்துவிட்டார்: சுதந்திரப் பிரகடனம் எழுதியவர், வர்ஜீனியாவின் மதச் சுதந்திரச் சட்டம் எழுதியவர், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தந்தை. ஜனாதிபதியாக இருந்ததுகூட இல்லை. 'தந்தை' என்ற சொல் ஒரு கட்டடத்துக்குப் போய்விட்டது. அந்த மயானம் இன்னும் குடும்பத்தின் சங்கத்துக்குச் சொந்தம். 2002ல் ஹெமிங்ஸ் வழி வாரிசுகளைச் சங்கத்தில் சேர்ப்பதா என்று வாக்கெடுத்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். மரபணு முடிவு வந்து நான்கு வருஷம் கழித்து.

கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், மரங்களுக்கு நடுவே, அடிமைகளின் மயானம் ஒன்று இருக்கிறது. 2001ல்தான் அதை உறுதி செய்தார்கள். 40க்கும் மேற்பட்ட குழிகள். பெயர் பொறித்த கல் ஒன்றும் நிற்கவில்லை. ஏட்டில் 607 பெயர்கள் இருக்கின்றன, இங்கே குழிகள் இருக்கின்றன. எந்தக் குழி எந்தப் பெயருக்கு என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லக்கூடியவர்களை 1827 ஜனவரியில் ஏலம் விட்டு நாலா திசைக்கும் அனுப்பியாயிற்று.

நண்பர் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். சில்லறை பையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நாணயத்தில் வீட்டின் முகப்பு மட்டும்தான், சமையலறை இருக்கும் சிறகு அதில் வராது. ஊருக்குத் திரும்பி வந்தபின் எந்த நினைவு இல்லத்துக்குப் போனாலும் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. காவலாளிகள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். "அங்க ஒண்ணும் இல்ல சார்" என்கிறார்கள். ஒண்ணும் இல்லை என்று சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். பக்கத்துத் தெருவில் யாராவது வயசானவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்கலாம். கேட்டதை அப்படியே நம்பவேண்டாம். வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியை அவர்களிடமும் கேட்போம், அவர்களிடம் கேட்கிற கேள்வியை வீட்டுக்காரரிடமும்.